வெள்ளிக்கிழமைத் தவணை

1

இன்று காலை வங்கியிலிருந்து கைபேசிக்கு ஒரு வாழ்த்து வந்தது. பலூன்கள் பறக்கும் படம். அதன் கீழே, வீட்டு உரிமையாளராக மூன்று ஆண்டுகளை நிறைவு செய்ததற்குப் பாராட்டுகள் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அனுப்பியது பழைய வங்கி. அவர்களுடைய கடனை அடைத்துவிட்டு நாங்கள் வேறு வங்கிக்குப் போய் ஒரு வருஷமாகப் போகிறது. விட்டுப் போனவர்களையும் மறக்காமல் வாழ்த்துகிறார்களே என்று சரோவிடம் காட்டினேன். அவள் பலூன்களைப் பார்த்துவிட்டு, இன்றைக்கு என்ன கிழமை என்று மட்டும் கேட்டாள். திங்கள் என்றேன். நிம்மதியாக அடுப்படிக்குப் போனாள்.

என் மனைவி ஒரு வாழ்த்துக்கு ஏன் கிழமை பார்க்கிறாள் என்பதைத்தான் ஊரில் உள்ளவர்களுக்கு எழுதப் போகிறேன். நான் எதையும் தேதியோடு குறித்து வைக்கிறவன். இலங்கையில், மாத்தளைக் கச்சேரி என்ற அரச அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்தபோது தொடங்கிய பழக்கம், மெல்பேர்னுக்கு வந்து பன்னிரண்டு வருஷமாகியும் விடவில்லை. ஆனால் இந்தக் குறிப்பில் தேதிகள் இருக்காது. சரோ தடை போட்டுவிட்டாள். "பேங்குல தமிழ் படிக்கிற ஆள் ஒருத்தரும் இல்லைன்னு ஒங்களுக்கு யாரு சொன்னது?" என்று கேட்டாள். எனக்கு யாரும் சொல்லவில்லை. ஆகவே மாதமும் கிழமையும் மட்டும். இந்தக் கதைக்குக் கிழமையே போதும்.

2

கல்யாணமான நாள் தொட்டு மாத்தளையிலும் வாடகை வீடு, இங்கே வந்தும் வாடகை வீடு. சொந்தமாக ஒரு வீடு வாங்கும்போது எனக்கு நாற்பத்தாறு வயது. நகரத்தின் மேற்கே, இன்னும் மரம் முளைக்காத ஒரு புதுத் தெருவில் மூன்று அறை வீடு. முதல் இரண்டு வருஷத்துக்கு வட்டி மாறாது. அதன் பிறகு என்னவாகும் என்பதை ஒப்பந்தத்தின் ஒரு முழுப் பக்கம் விளக்கியது. கடன் என்றால் என்ன என்று மேற்கொண்டு சில வரலாற்று நூல்களும் படித்திருந்தேன். அந்தப் பக்கத்தை மட்டும் படிக்கவில்லை.

சாவி வாங்கும் நாளை நீங்களே சொல்லலாம் என்றார் வழக்கறிஞர். சரோ உடனே மாத்தளைக்கு அழைத்து அவள் அண்ணனிடம் கேட்டாள். என் மச்சானுக்கு மாத்தளை பிரதான வீதியில் சரக்குக் கடை. மிளகு, கராம்பு, சாதிக்காய் வாங்கி விற்பவர். பஞ்சாங்கம் பார்த்து வெள்ளிக்கிழமைதான் பொருத்தம் என்றார். வெள்ளிக்கிழமை புது வீட்டுக்குள் லட்சுமி வருவாள். அப்படியே சாவி வாங்கினோம், பால் காய்ச்சினோம், புகை எச்சரிக்கை மணி அலறியது, பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். எல்லாம் முறைப்படி நடந்தது.

எனக்குச் சம்பளம் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, வியாழன் மாலை. அதனால் தவணையும் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை என்று வைத்தார்கள். சாவி வாங்கிய நாளிலிருந்து எண்ணத் தொடங்குவார்கள். வெள்ளியிலிருந்து இரண்டு வாரம் எண்ணினால் வெள்ளி. இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். முப்பது வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்ட எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

முதல் தவணை போன காலையில் சரோ விளக்கேற்றிக்கொண்டிருந்தாள். என் கைபேசி ஒலித்தது. யாரென்று கேட்டாள். வங்கி, தவணை எடுத்துவிட்டார்கள் என்றேன். அவள் தீக்குச்சியைக் கையில் வைத்தபடியே திரும்பினாள்.

"வெள்ளிக்கிழமையா?"

மச்சானின் கடை வீட்டில் வளர்ந்தவள் அவள். அந்த வீட்டில் வெள்ளிக்கிழமை உப்புக்கூட இரவல் கொடுக்க மாட்டார்கள். காசு போகவே போகாது. முப்பது வருஷத்துக்கு, ஒரு வெள்ளி விட்டு ஒரு வெள்ளி, விளக்கேற்றும் நேரம் பார்த்து லட்சுமியை வாசல் வழியாக அனுப்பிவைக்கும் ஒரு வீட்டை வாங்கியிருக்கிறோம் என்பது அவளுக்கு அந்தக் கணத்தில் புரிந்தது.

3

வங்கிக்குத் தொலைபேசி எடுத்தேன். தவணை நாளை மாற்ற முடியுமா என்று கேட்டேன். ஏன், தவணை கட்டுவதில் ஏதாவது சிரமம் இருக்கிறதா என்று அந்த இளைஞன் கேட்டான். சிரமம் வெள்ளிக்கிழமைகளில் மட்டும்தான், மற்ற நாட்களில் இல்லை என்று உண்மையைச் சொன்னேன். ஒரு நிமிஷம் இருங்கள் என்று சங்கீதம் போட்டான். சங்கீதம் முடிந்ததும் வேறொரு பெண் பேசினார். குரல் மிக மென்மையாக இருந்தது. கடன் கட்டத் திணறுகிறவர்களுக்கு உதவும் பிரிவு அது என்பது பிறகுதான் தெரிந்தது.

நாங்கள் தனியாக இல்லை என்று அவர் சொன்னார். நானும் சரோவும் இருக்கிறோம், மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள் என்றேன். வீட்டில் சாப்பாட்டுக்கு எப்படி என்று கேட்டார். குறையில்லை, வெள்ளிக்கிழமைகளில் மட்டும் மரக்கறியோடு நிறுத்திக்கொள்வோம் என்றேன். மறுமுனையில் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. நாளை மாற்றுவதென்றால் ஒப்பந்தத்தையே மாற்ற வேண்டும், அது செலவு. அதைவிட மூன்று மாதம் தவணையே கட்டாமல் இருக்கலாமே, விரும்புகிறீர்களா என்றார். கட்டாமல் இருக்க எனக்கு விருப்பமில்லை, ஒரு நாள் முந்திக் கட்டத்தான் விருப்பம் என்றேன். அப்படி ஒரு வசதி அவர்களிடம் இல்லையாம்.

அடுத்த வாரம் வாசலில் ஒரு பெட்டி இருந்தது. ஏதோ தொண்டு நிறுவனம் அனுப்பியது. உள்ளே பாஸ்தா, பால்மா, ஆறு மீன் டின்கள். ஒரு வாழ்த்து அட்டையில், வெள்ளிக்கிழமைகள் விரைவில் எளிதாகும் என்று யாரோ கையால் எழுதியிருந்தார்கள்.

எங்கள் மகள் மதுரா அந்த ஞாயிறு வந்தபோது பெட்டியைத் திறந்து பார்த்துச் சிரித்தாள். பத்து வயதில் இங்கே வந்தவள். இப்போது நகரத்தில் தோழிகளோடு ஒரு வீட்டில் இருக்கிறாள். நாங்கள் இத்தனை பாடுபட்டு வாங்கிய மூன்று அறைகளில் ஒன்று அவளுக்கு. அதில் இப்போது இஸ்திரி போடும் மேசை இருக்கிறது.

"அம்மா, லட்சுமி எந்த நாட்டு டைம் பார்க்கிறாங்க?" என்று கேட்டாள். "இங்க நடு ராத்திரி ஃப்ரைடே தொடங்கும்போது மாத்தளையில இன்னும் தேர்ஸ்டேதானே."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அது மட்டுமல்ல, நம் கணக்கில் நாள் தொடங்குவது சூரிய உதயத்தில். விடியுமுன் காசு எடுத்தால் எந்த நாட்டுக் கணக்கிலும் அது வியாழன்தான். மறுநாளே வங்கிக்கு அழைத்து, தவணையை இரவில் எத்தனை மணிக்கு எடுக்கிறீர்கள் என்று கேட்டேன். ஏன் கேட்கிறீர்கள் என்றார்கள். சூரிய உதயத்துக்கு முன்னா பின்னா என்று தெரிய வேண்டும் என்றேன். மறுபடியும் சங்கீதம். மறுபடியும் அந்த மென்மையான குரல்.

4

கடைசியில் மச்சானிடமே கேட்டோம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"மச்சான், நம்ம கல்லாவில இருந்து வெள்ளிக்கிழம ஒரு சதம் வெளிய போனதில்ல. சரக்குக் கொண்டாந்தவன் ஒருத்தனும் வெறுங்கையோட திரும்பிப் போனதும் இல்ல. அது எப்படின்னு நீங்க ஒரு நாளாவது யோசிச்சீங்களா?"

யோசிக்கவில்லை. ஆனால் பார்த்திருக்கிறேன். வெள்ளிக்கிழமைகளில் கச்சேரி மதியச் சாப்பாட்டுக்கு அந்தக் கடைப் பக்கம் போகும்போது, ரிவர்ஸ்டன் மலைப் பக்கத்திலிருந்து மிளகு மூட்டையோடு பஸ்ஸில் இறங்கியவர்கள் மச்சான் கடையில் எடை நிறுத்துவிட்டு, பக்கத்து இரும்புக் கடையில் போய்க் காசு வாங்குவார்கள். இரும்புக் கடை, அண்ணன் முறையில் எல்லோரும் நானா என்று கூப்பிடும் ஜவ்பருடையது. மச்சான் இங்கிருந்து தொகையைச் சொல்வார். நானா அங்கே மேசை லாச்சியைத் திறந்து கொடுப்பார். தம்புள்ளையிலிருந்து செத்தல் மிளகாய் இறக்கும் லொறிக்காரனுக்கும் அதே வழி. சனிக்கிழமை கடை திறந்ததும் மச்சான் முதல் வேலையாக நானாவிடம் அதைத் திருப்பிக் கொடுப்பார்.

பதிலுக்கு நானா வெள்ளி மதியம் ஜும்மா தொழுகைக்குப் போகும்போது இரும்புக் கடையை மூடுவதில்லை. மச்சான் ஒரு காலை அங்கும் ஒரு காலை இங்குமாக வைத்துக்கொண்டு இரண்டையும் பார்ப்பார். ஆணி கேட்டவர்களுக்கு அவர் அளவு பார்க்காமல் நிறுத்துக் கொடுத்ததாக நானா கடைசிவரை சொல்லிக் காட்டினார்.

"ஒங்களுக்கு வேண்டியது பேங்க் இல்ல," என்றார் மச்சான். "பக்கத்துக் கடை."

பக்கத்துக் கடை மெல்பேர்னிலேயே இருந்தது. ஜவ்பர் நானாவின் இரண்டாவது மகன் ரிஸ்வி இங்கே தரைக்கு ஓடு பதிக்கும் வேலை செய்கிறான். சொந்தமாக ஒரு வேன். நான் விஷயத்தைச் சொல்லி முடிக்குமுன்பே சிரிக்க ஆரம்பித்துவிட்டான்.

"வாப்பாவும் ஒங்கட மச்சானும் செஞ்ச வேலதானே அண்ணன். அத நாங்க செய்யாம வேற யாரு செய்ற?"

பதிலுக்கு அவனுக்கும் ஒன்று தேவைப்பட்டது. அவன் ஜும்மாவுக்குப் போகும் பள்ளிவாசல் தொழிற்சாலைகள் இருக்கும் தெருவில் இருக்கிறது. வேனை நிறுத்தினால் கொஞ்ச நேரத்துக்கு மேல் விடமாட்டார்கள். தொழுகை நீண்டால் தண்டம். நான் வேலை செய்யும் மருந்துக் களஞ்சியம் இரண்டு தெரு தள்ளி. வெள்ளிக்கிழமைகளில் எனக்கு மதியத்தோடு வேலை முடிந்துவிடும். நான் வேனில் உட்கார்ந்திருந்து, தண்டக்காரர் வந்தால் ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டும். அவ்வளவுதான்.

ஒன்றரை வருஷம் அப்படி நடந்தது. வியாழன் மாலை தவணைக் காசை ரிஸ்வியின் கணக்குக்கு அனுப்புவேன். வெள்ளி காலை அவன் தன் கணக்கிலிருந்து நேரே என் கடனுக்குக் கட்டுவான். வெள்ளி மதியம் நான் தரையோடுகளுக்கும் சீமெந்துப் பைகளுக்கும் முன்னால் உட்கார்ந்து, ஒல்லாந்தர் காலத்துக் கறுவாச் செய்கையைப் பற்றிப் படிப்பேன். இலங்கையை விட்டு வந்தபிறகு நான் அதிகம் படித்தது அந்த வேனில்தான். ஒரு தவணை பிந்தவில்லை. சரோ நிம்மதியாக விளக்கேற்றினாள். லட்சுமி வெள்ளிக்கிழமைகளில் வீட்டோடு இருந்தாள்.

5

இரண்டு வருஷம் முடியப்போகும் நேரத்தில் அந்தப் படிக்காத பக்கம் எழுந்து வந்தது. வட்டி எகிறியிருந்தது. புது வட்டியில் தவணை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. களஞ்சியத்தில் மேலதிக நேர வேலையை நிறுத்தியிருந்தார்கள். பிள்ளைகள் காப்பகத்தில் சரோவுக்கு வாரம் மூன்று நாள்தான் வேலை. நான் எத்தனை விதமாகப் போட்டுப் பார்த்தாலும் அந்தத் தவணையை ஆறு மாதத்துக்கு மேல் இழுக்க முடியாது. வேறொரு வங்கியில் குறைந்த வட்டி கிடைத்தால் வீடு எங்களிடம் இருக்கும். கிடைக்காவிட்டால் விற்க வேண்டும்.

இன்னொரு வங்கியில் விண்ணப்பித்தோம். எங்களை மதிப்பிட வந்தவர் கிரேக் என்ற அதிகாரி. நல்ல மனிதர், திரையில் பார்க்கும்போது எப்போதும் தேநீர் குடித்துக்கொண்டிருப்பார். கணக்கு விவரங்களை அனுப்பினோம். மூன்றாம் நாள் அவரிடமிருந்து கேள்விகள் வந்தன. ஒவ்வொரு இரண்டாவது வியாழனும் நான் ரிஸ்வி என்பவருக்குச் செலுத்தும் வாடகை எந்த வீட்டுக்கு? என் வீட்டுக் கடனை ஒன்றரை வருஷமாக வேறொருவர் கட்டி வருவது ஏன்? அவருக்கு இந்த வீட்டில் பங்கு உண்டா? இதற்கு மேல், வெள்ளிக்கிழமைகளில் உணவுப் பிரச்சினை என்று பழைய வங்கி எழுதி வைத்திருந்த குறிப்பும் அவரிடம் போயிருந்தது.

ஒரு தவணையும் தவறாத நான், கடன் திருப்பிக் கட்டுவதில் ஆபத்து மிகுந்தவன் என்ற வகைக்குள் வந்திருந்தேன்.

காணொளியில் பேசி விளக்கலாம் என்றாள் மதுரா. அவள் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்த்தாள். ரிஸ்வி தன் வேனிலிருந்து இணைந்தான். மதுரா மிக நன்றாக விளக்கினாள். அம்மாவின் நம்பிக்கை, மாத்தளையின் இரண்டு கடைகள், மிளகு மூட்டை, எல்லாம். கிரேக் தேநீரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

முதலில், இதற்குப் பதிலாக ரிஸ்விக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்டார். அண்ணன் என் வேனில் உட்கார்ந்திருப்பார் என்றான் ரிஸ்வி. உட்கார்ந்து என்ன செய்வார்? புத்தகம் வாசிப்பார். அதற்குச் சம்பளம் உண்டா? இல்லை. அப்படியானால் நான் அறிவிக்காத இரண்டாவது வேலை ஒன்றைச் சம்பளமின்றிச் செய்கிறேன் என்று பொருள்படுமா என்று அவர் தமக்குள்ளேயே யோசித்தார்.

பிறகு தம் திரையில் உள்ள தெரிவுகளை வாசித்தார். வியாழன் காசை ஏதாவது ஒரு பெயரில் போட்டால்தான் கணினி மேலே விடும். வாடகை, தனியார் கடன், சூதாட்டம், சமய நன்கொடை. வேறு பெயர் இல்லை.

"சூதாட்டம்னு போட்டா என்னாகும்னு கேளு," என்றாள் சரோ.

அவளுக்கு வீடு போய்விடும் என்ற பயம் வந்திருந்தது. மதுரா அதை மொழிபெயர்க்கவில்லை. காரணம் சமயம்தானே என்று அவளே சமய நன்கொடையைச் சொன்னாள். கிரேக் அதை அழுத்தினார். கணினி உடனே கணக்குப் போட்டது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வீட்டுக் கடனுக்கு ஒரு தவணை, அதே அளவு தொகை சமயத்துக்கு நன்கொடை. இவ்வளவு பக்தியுள்ள குடும்பத்துக்கு வீடு கட்டுப்படியாகாது என்று சிவப்பில் காட்டியது.

ரிஸ்வி வேனுக்குள் தலையைக் குனிந்துகொண்டான். தோள்கள் குலுங்கின. அழுகிறான் என்று நினைத்து கிரேக் அவனுக்கும் ஆறுதல் சொன்னார்.

முடிவில் அவர் ஒரு வழி சொன்னார். பழைய வட்டி முடிய இன்னும் மூன்று மாதத்துக்கு மேல் இருக்கிறது. அந்த மூன்று மாதமும் தவணை எங்கள் கணக்கிலிருந்தே, வங்கி குறித்த நாளிலேயே, வெள்ளிக்கிழமையிலேயே போக வேண்டும். நடுவில் யாரும் வரக்கூடாது. அப்படிப் போனால் தாம் கையெழுத்திடுவார். அதற்குள் நாளை மாற்றிக் கேட்டால் விண்ணப்பம் முதலிலிருந்து பரிசீலிக்கப்படும்.

மதுரா மொழிபெயர்த்து முடித்ததும் எல்லோரும் சரோவைப் பார்த்தோம். திரைக்குள் இருந்த கிரேக்கும் பார்த்தார். அவள் எழுந்து போய்விட்டாள்.

6

ஆறு நாள் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. மச்சான் தொலைபேசியில் வந்தார். பேசியது அவர்தான், அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். வீடே போகும் என்றால் வீட்டு லட்சுமி எங்கே இருப்பாள் என்று அவர் கேட்டது எனக்குக் கேட்டது. இந்த நம்பிக்கையை நான் ஒரு நாளும் சரி பார்த்ததுமில்லை, பிழை பிடித்ததுமில்லை. ஆனால் அவளிடமிருந்து அதை ஒரு வங்கி பிடுங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு விருப்பமில்லை. விற்றுவிடலாம், வாடகை வீடு நமக்குப் புதிதா என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லாமல் படுத்தேன்.

வியாழன் மாலை சம்பளம் வந்தது. கைபேசியில் பார்த்துவிட்டு வைத்தேன். வெங்காயம் அரிந்துகொண்டிருந்த சரோ கத்தியை நிறுத்தினாள்.

"ஏங்க, சம்பளம் வந்திருச்சா?"

"வந்திருச்சு."

"எங்க வந்திருக்கு?"

"பேங்குக்கு."

"நம்ம வீட்டுக்கு வரலையே?"

நான் அவளைப் பார்த்தேன்.

"பதினோரு வருஷமா சல்லிய நான் கண்ணால கண்டதில்ல," என்றாள். "அண்ணன் கல்லாவில சல்லி வரும், போகும், சத்தம் கேக்கும். ஒங்க சம்பளம் பேங்குல வந்து பேங்குலேயே போகுது. நம்ம வாசப்படிய அது ஒரு நாளும் மிதிக்கல. உள்ள வராதது எப்படிங்க வெளிய போகும்?"

நான் வாயைத் திறந்தேன். அவள் இன்னும் முடிக்கவில்லை.

"வீடும் அவங்களதுதான். சல்லியும் அவங்ககிட்டதான் கெடக்கு. அவங்க வீட்டு லட்சுமிய அவங்க எந்தக் கிழமை எங்க அனுப்பினா நமக்கென்ன? எடுக்கட்டும்."

மறுபடி வெங்காயம் அரிந்தாள். பல வருஷம் கடன் வரலாறு படித்த எனக்கு, எங்கள் நிலைமையை இவ்வளவு சுருக்கமாக ஒருவரும் சொன்னதில்லை. அவள் கண்கள் கலங்கியிருந்தன. வெங்காயமாகவும் இருக்கலாம்.

7

மூன்று மாதமும் தவணை வெள்ளிக்கிழமைகளில் எங்கள் கணக்கிலிருந்தே போயிற்று. ஒவ்வொரு முறையும் விளக்கேற்றிவிட்டு, எடுத்துவிட்டார்களா என்று கேட்பாள். எடுத்துவிட்டார்கள் என்பேன். அவங்க சல்லிதானே என்பாள். கிரேக் சொன்னபடி கையெழுத்திட்டார். வீடு தங்கியது, அதாவது வங்கியிடம் தங்கியது, நாங்கள் அதற்குள் தங்கினோம்.

புது ஒப்பந்தம் வந்தபோது முதல் வேலையாகத் தவணை நாளைப் பார்த்தேன். வெள்ளி. எழுதியே அனுப்பியிருந்தார்கள். கேட்டதற்கு, வெள்ளிக்கிழமைகளில் ஒழுங்காகக் கட்டக்கூடியவர்கள் என்று மூன்று மாதமாக நிரூபித்திருக்கிறீர்களே, அதனால்தான் என்றார் கிரேக். பாராட்டாகத்தான் சொன்னார். நாளை மாற்றினால் திரும்பவும் முதலிலிருந்து.

கடன் மறுபடி முப்பது வருஷம். சரோ எல்லாப் பக்கங்களிலும் கையெழுத்துப் போட்டாள். பேனாவை மூடும்போது, "கடைசித் தவணை கட்டினப்புறம் வீடு நம்மளுதுதானே?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன்.

"அப்போ அந்த ஒரு சல்லி மட்டும் நம்ம வீட்டுல இருந்துதான் போகும். அது என்ன கிழமைன்னு பாத்துச் சொல்லுங்க."

பார்க்கத் தேவையில்லை. ஆனாலும் நாட்காட்டியை முப்பது வருஷம் முன்னோக்கித் தள்ளிப் பார்த்தேன். அன்றைக்கு எனக்கு எழுபத்தெட்டு வயது. வெள்ளிக்கிழமை.

அந்த வாரமே ரிஸ்வியிடம் சொன்னேன். காசு அனுப்பும் ஏற்பாடு நின்று போனாலும் வேனில் உட்காருவதை நான் நிறுத்தவில்லை. அதை நிறுத்தச் சொல்லி எந்த வங்கியும் கேட்கவில்லை. ஜும்மா முடிந்து தொப்பியை மடித்துக்கொண்டே வந்து ஏறினான். நான் புத்தகத்தை மூடிவிட்டு, முப்பது வருஷம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை ஒரே ஒரு தவணையை மட்டும் அவன் கட்ட வேண்டியிருக்கும், முந்திய நாளே காசை அவனிடம் தந்துவிடுவேன் என்று நாளைச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. கைபேசியை எடுத்து அந்த நாளைக் குறித்துக்கொண்டான்.

"இன்ஷா அல்லாஹ், கட்டுவோம்," என்றான். வேனைக் கிளப்பினான். சந்தியில் சிவப்பு விளக்குக்கு நிறுத்தியபோது என் பக்கம் திரும்பினான்.

"அண்ணன், அன்டைக்கும் ஜும்மாதானே. வேனுக்கு நீங்க வந்துருவீங்கதானே?"